மெக்காலே யாரிடம் பேசிக்கொண்டிருந்தார்?

கல்வி பற்றிய எந்த விவாதத்திலும் கொஞ்ச நேரத்தில் மெக்காலே வந்துவிடுகிறார். ஆங்கிலவழியா தாய்மொழிவழியா என்று ஆரம்பித்தாலும் சரி, பாடத்திட்டத்தில் ஆரம்பித்தாலும் சரி, யாராவது ஒருவர் "ரத்தத்தாலும் நிறத்தாலும் இந்தியர், ரசனையாலும் அறிவாலும் ஆங்கிலேயர்" என்ற வரியை எடுத்துப் போடுவார். உடனே எதிர்த்தரப்பு, அந்த மனிதர் வராமல் இருந்திருந்தால் காலங்காலமாகப் படிப்பு மறுக்கப்பட்டவர்களுக்கு என்ன கதி என்று கேட்கும். இரண்டு பக்கத்துக் கேள்விகளும் எனக்கு முக்கியமானவைதான். ஆனால் இரண்டு பக்கமும், ஆங்கிலேய ஆட்சியின் அதிகாரியாக அவர் 1835இல் இந்தியக் கல்வி பற்றி எழுதிய குறிப்பிலிருந்து ஆளுக்கு ஒரு வரியைப் பிய்த்துக்கொண்டு போய்விடுகிறது, அது ஒரு வாதம் என்பதை யாரும் கவனிப்பதில்லை. ஒருவர் இன்னொருவரை ஒரு முடிவுக்கு இழுத்துப் போவதற்காக, அடிமேல் அடி வைத்து, எங்கே வேகமாக நடக்க வேண்டும் எங்கே நிதானிக்க வேண்டும் என்று யோசித்து எழுதிய வாதம். பழைய ஆவணம் ஒன்றைக் கையில் எடுத்ததும் "இதில் என்ன தகவல் இருக்கிறது" என்று கேட்பதற்கு முன்னால் "இவர் யாரை எதற்குச் சம்மதிக்க வைக்கப் பார்க்கிறார்" என்று கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அப்படிக் கேட்டால் என்ன கிடைக்கும் என்பதை மெக்காலேயை வைத்தே காட்டிவிடலாம்.

முதலில் ஒரு போலியைத் தள்ளி வைத்துவிடுவோம். இந்தியாவின் குறுக்கும் நெடுக்கும் பயணம் செய்தேன், ஒரு பிச்சைக்காரனையும் பார்க்கவில்லை, ஒரு திருடனையும் பார்க்கவில்லை, இந்த நாட்டின் முதுகெலும்பான பண்பாட்டை உடைத்தால்தான் இதை வெல்ல முடியும் என்று 1835 பிப்ரவரி 2 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் மெக்காலே பேசியதாக ஒரு மேற்கோள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அன்றைக்கு அவர் கல்கத்தாவில் இருந்தார். 1834 ஜூனில் சென்னையில் கப்பலிலிருந்து இறங்கி, ஊட்டியில் தங்கியிருந்த கவர்னர் ஜெனரல் பென்டிங்கைப் போய்ப் பார்த்துவிட்டு வங்காளம் போனவர், 1838 தொடக்கம் வரை இந்தியாவில்தான் இருந்தார். பிப்ரவரி 2 என்பது அவருடைய கல்விக் குறிப்பில் இருக்கிற தேதி. ஆனால் தேதியைச் சரிபார்க்காமலே இந்தப் போலியைப் பிடித்துவிட முடியும். அந்தக் குறிப்பு முழுக்க, இங்கிருக்கும் கல்வியால் பயனில்லை என்றே வாதாடுகிறது. அதே தேதியில் அதே ஆள் அந்தக் கல்வியை வெல்ல முடியாத பெரும் பலம் என்று எப்படிச் சொல்லியிருப்பார்? 1440இல் இத்தாலிய அறிஞர் லொரென்சோ வல்லா, கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தி தன் மேற்குப் பகுதி முழுவதையும் போப்பாண்டவருக்குத் தானமாகக் கொடுத்தார் என்ற ஆவணத்தைப் போலி என்று நிறுவியபோது, அதன் லத்தீன் மொழி பிற்காலத்தது என்று மட்டும் காட்டவில்லை. ஆட்சியைப் பிடிக்க அவ்வளவு போராடிய ஒருவன் அதில் பாதியை ஏன் தூக்கிக் கொடுப்பான் என்றும் கேட்டார். ஒருவரின் வாதம் தெரிந்தால் அவர் சொல்லியிருக்க முடியாதது எது என்பதும் தெரிந்துவிடும்.

சரி, உண்மையான குறிப்புக்கு வருவோம். இது பொதுமக்களுக்காக எழுதிய கட்டுரையோ மேடைப் பேச்சோ கிடையாது. அரசுக் கோப்புக்குள், கவர்னர் ஜெனரலின் ஆலோசனைக் குழுவில் சட்ட உறுப்பினராக இருந்த முப்பத்து நான்கு வயதுக்காரர், தன் மேலதிகாரிக்கும் சக உறுப்பினர்களுக்கும் எழுதியது. பின்னணியில் ஒரு தகராறு இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் உரிமையைப் புதுப்பித்த 1813ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம் இந்தியாவில் கல்விக்காக ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் ஒதுக்கச் சொன்னது. அதைச் செலவிட 1823இல் பொதுக் கல்விக் குழு ஒன்று அமைந்தது. சமஸ்கிருதம், அரபு படிக்கிற கல்லூரிகளுக்கே பணம் போக வேண்டும் என்று குழுவில் பாதிப் பேர், ஆங்கிலத்துக்குப் போக வேண்டும் என்று மீதிப் பாதி. வேலை நகரவில்லை. இரண்டு தரப்பும் தங்கள் கட்சியை எழுதி மேலே அனுப்பின. மெக்காலே எழுதியது அந்தக் கோப்பின் மேல்தான். ஆக, அவர் முன்னால் இருந்த வாசகர்கள் இந்தியர்கள் இல்லை. பென்டிங்க் முன்பே ஆங்கிலத்தின் பக்கம் சாய்ந்திருந்தவர், அவரை மாற்ற வேண்டிய தேவை பெரிதாக இல்லை. அவருக்குத் தேவைப்பட்டது, முடிவெடுக்கத் தைரியமும் எதிர்ப்பவர்களுக்குப் பதிலும். இதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் குறிப்பின் அமைப்பே வேறு மாதிரி தெரிகிறது.

அது ஆங்கிலத்தின் பெருமையோடு ஆரம்பிக்கவில்லை, சட்டத்தோடு ஆரம்பிக்கிறது. 1813 சட்டம் இலக்கியத்தைப் புதுப்பிக்கவும் வளர்க்கவும் கற்றறிந்த இந்தியர்களை ஊக்குவிக்கவும் பணம் ஒதுக்கியது, எனவே நாடாளுமன்றமே வழியைத் தீர்மானித்துவிட்டது, மாற்றவேண்டும் என்றால் புதுச் சட்டம் வேண்டும் என்று எதிர்த்தரப்பு சொல்லிக்கொண்டிருந்தது. மெக்காலே இதை இரண்டு விதமாக உடைக்கிறார். எகிப்தின் ஆட்சியாளர் தன் நாட்டு இலக்கியத்தைப் புதுப்பிக்கப் பணம் ஒதுக்கினால், பிள்ளைகள் பழைய சித்திர எழுத்தைப் படித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று யாராவது பொருள் கொள்வார்களா என்பது ஒன்று. அதே சட்டத்தில் அறிவியல் அறிவை அறிமுகப்படுத்தவும் வளர்க்கவும் என்று இன்னொரு தொடர் இருக்கிறதே, அது ஒன்றே எனக்குப் போதும் என்பது இன்னொன்று. இந்த இரண்டாவது பதில் பலமானது, நேர்மையானதும்கூட. முதல் பதில் ஒப்புமை மட்டும். எகிப்தில் அந்த எழுத்தைப் படிக்கிற மரபு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அறுந்து போயிருந்தது. சமஸ்கிருதமும் அரபும் இங்கே அன்றும் பாடசாலைகளில் நடந்துகொண்டிருந்தவை. வாதத்தை ஆராய்வது என்று நான் சொல்வது இதைத்தான். ஒரே பத்தியில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு காரணங்களில் எது எடை தாங்குகிறது, எது சும்மா நிற்கிறது என்று தட்டிப் பார்ப்பது.

அடுத்து, ஏற்கெனவே தொடங்கிய கல்லூரிகளை நிறுத்துவது அரசின் வாக்கை மீறுவதாகாதா என்ற ஆட்சேபத்தைச் சமாளிக்கிறார். ஓரிடம் ஆரோக்கியமானது என்று நினைத்து அங்கே நோயாளிகள் தங்கும் விடுதி கட்டினோம், நினைத்தபடி பலன் இல்லை என்றால் அதை நடத்திக்கொண்டே இருக்க வேண்டுமா? தனி மனிதர்களுக்குக் கொடுத்த சம்பளம், சலுகையை வேண்டுமானால் காப்பாற்றுவோம் என்கிறார். இதில் நிற்க வேண்டியதில்லை.

முழுக் குறிப்பும் திரும்புகிற இடம் இதற்கப்புறம் வருகிறது. இப்போது விஷயத்தின் மையத்துக்கு வருகிறோம் என்று சொல்லிவிட்டு, இந்த நாட்டு மக்களின் அறிவு வளர்ச்சிக்கு ஒரு நிதி இருக்கிறது, அதைச் செலவிட மிகப் பயனுள்ள வழி எது என்று கேட்கிறார். நல்ல கேள்வி. உடனே, இந்தப் பகுதியில் மக்கள் பேசுகிற மொழிகளில் இலக்கியமோ அறிவியலோ இல்லை, அவற்றில் நல்ல நூல் எதையும் மொழிபெயர்ப்பதே கடினம், இதில் எல்லாத் தரப்பும் ஒத்துப்போகிறது என்று ஒரே மூச்சில் சொல்லிக் கடந்துவிடுகிறார். அடுத்த பத்தியில் கேள்வி வேறாகிவிடுகிறது. எந்த மொழி கற்கத் தகுந்தது என்பதே முழுக் கேள்வி என்கிறார். கவனித்துப் பாருங்கள், மக்களுக்கு எது பயன் தரும் என்பதும் எந்த மொழியில் உயர்ந்த நூல்கள் உள்ளன என்பதும் ஒரே கேள்வி இல்லை. முதல் கேள்விக்குப் பதில் சொல்ல எத்தனை பேருக்குக் கற்றுக்கொடுக்க முடியும், எவ்வளவு காலம் ஆகும், ஆசிரியர்கள் எங்கிருந்து வருவார்கள் என்றெல்லாம் பேச வேண்டும். இரண்டாவது கேள்விக்கு நூலகத்தைப் பார்த்தால் போதும். அந்த மாற்றம் நடந்த பிறகு வருகிற புகழ்பெற்ற வரிகள் எல்லாம் இரண்டாவது கேள்விக்கான பதில்கள்தான். ஆனால் ஒரு லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது முதல் கேள்விக்கு.

தாய்மொழிகள் அந்த ஒரு வாக்கியத்தில் வெளியே போனதையும் பாருங்கள். "இந்தப் பகுதி" என்று அவர் குறிப்பிடுவது வங்காளத்தை. முடிவு மட்டும் அதற்கு அப்பாலும் பரவியது. சென்னையில் 1812லேயே கம்பெனி அதிகாரிகளுக்குத் தென்னிந்திய மொழிகள் கற்றுக்கொடுக்க செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தொடங்கியாகிவிட்டது. இந்த மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து பிறக்காத தனிக் குடும்பம் என்று சென்னையில் இருந்த கம்பெனி அதிகாரி எல்லிஸ் 1816இல் எழுதியாகிவிட்டது. இவை எதுவும் குறிப்பில் கிடையாது. குழுவின் இரண்டு தரப்பும் தாய்மொழி வேண்டாம் என்பதில் ஒத்துப்போனது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அது பத்துப் பன்னிரண்டு ஆங்கிலேய அதிகாரிகளின் உடன்பாடு. எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள் என்று ஒரு பழைய ஆவணம் சொல்லும்போது அந்த "எல்லோரும்" எத்தனை பேர் என்று எண்ணிப் பார்ப்பது அவசியம். வாதிடுபவர் எதை நிரூபிக்காமல் கடக்கிறாரோ அதில்தான் அவருடைய உலகத்தின் எல்லை தெரிகிறது.

அப்புறம் அந்த அலமாரி. நல்ல ஐரோப்பிய நூலகத்தின் ஒரே ஒரு அலமாரித் தட்டு, இந்தியா, அரேபியா இரண்டின் மொத்த இலக்கியத்துக்கும் ஈடாகும் என்பது மெக்காலேயின் கருத்து என்றே எல்லோரும் எழுதுகிறார்கள். அவர் அப்படி நம்பினார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் குறிப்பில் அவர் அதைத் தன் கருத்தாக முன்வைக்கவில்லை. எனக்குச் சமஸ்கிருதமும் தெரியாது, அரபும் தெரியாது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார். மொழிபெயர்ப்புகளைப் படித்தேன், கீழைமொழி அறிஞர்களோடு பேசினேன், அவர்கள் போடுகிற மதிப்பையே ஏற்றுக்கொள்ளத் தயார் என்கிறார். அப்படிச் சொல்லிவிட்டு, அந்த அலமாரிக் கூற்றை மறுக்கக்கூடியவர் ஒருவரைக்கூட அவர்களில் நான் பார்த்ததில்லை என்கிறார். தெரியாது என்ற ஒப்புதல் பலவீனம் போலத் தோன்றினாலும் வாதத்துக்குள் அதற்கு வேறு வேலை இருக்கிறது. தீர்ப்பை எதிர்த்தரப்பின் வாயிலிருந்து வந்ததாக மாற்றிக்கொள்ள அது உதவுகிறது. ஆனால் யார் அந்த அறிஞர்கள், எங்கே எப்போது ஒப்புக்கொண்டார்கள்? ஒரு பெயர்கூட இல்லை, அவர்கள் எழுதிய ஒரு வாக்கியம்கூட இல்லை. மறுத்தவரைப் பார்க்கவில்லை என்பது சாட்சியம் ஆகாது. இதைக் கவனிக்காமல் அந்த வரியை வெறும் திமிர் என்று திட்டிவிட்டுப் போனால் அது ஏன் அன்றைக்கு வேலை செய்தது என்பதே நமக்குத் தெரியாமல் போய்விடும்.

முப்பதடி உயர மன்னர்கள், முப்பதாயிரம் ஆண்டு ஆட்சிகள், வெண்ணெய்க் கடல் என்ற கேலி வரிகள் வருவதும் இதற்குப் பிறகுதான். அவை பென்டிங்கின் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களுக்குச் சிரிப்பு வரவழைக்க எழுதியவை. வானியல், மருத்துவம், வரலாறு என்று ஒவ்வொரு துறையிலிருந்தும் மிக எளிதாகக் கேலி செய்யக்கூடிய ஒன்றை எடுத்து அந்தத் துறை முழுவதற்கும் பிரதிநிதியாக நிறுத்துகிறார். இலக்கணம், தர்க்கம், கணிதம் அந்தப் பட்டியலில் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி, யாரும் மேற்கோள் காட்டாத கணக்குப் பகுதி. இங்கே அவர் குரல் மாறுகிறது. கல்கத்தா மதரஸாவின் 1833 டிசம்பர் மாதக் கணக்கை எடுத்து வைக்கிறார். அரபு படிப்பவர்கள் 77 பேர், எல்லோருக்கும் அரசு உதவித்தொகை, மாதம் 500 ரூபாய்க்கு மேல். அதே கணக்கில் ஆங்கிலம் படிக்கிற வெளிமாணவர்களிடமிருந்து மூன்று மாதத்துக்கு வசூலான 103 ரூபாய் வரவாக நிற்கிறது. குழு அச்சடித்த அரபு, சமஸ்கிருத நூல்கள் இருபத்து மூவாயிரம் பிரதிகள் விற்காமல் கிடக்கின்றன. மூன்றாண்டில் அச்சுச் செலவு சுமார் அறுபதாயிரம் ரூபாய், விற்பனை ஆயிரம் ரூபாயைத் தொடவில்லை. அதே காலத்தில் ஸ்கூல் புக் சொசைட்டி ஆண்டுக்கு ஏழெட்டாயிரம் ஆங்கிலப் புத்தகங்களை விற்று இருபது சதவீத லாபமும் பார்க்கிறது. அலமாரி வரியைவிட இது எவ்வளவோ பலமான வாதம், ஏனென்றால் எதிர்த்தரப்பும் அதே கணக்கைத் திறந்து சரிபார்க்க முடியும். மக்கள் எதைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்பதை வைத்து எது தேவை என்று சொல்வது அவர் காலத்துப் பொருளாதாரச் சிந்தனையின் நேரடி வாரிசு. ஆனால் கல்கத்தா நகரத்தின் சந்தையை வைத்து நாட்டுத் தேவையைக் கணக்கிடுகிறார் என்பதையும், கம்பெனியோடு தொழில் செய்கிற ஊரில் ஆங்கிலத்துக்கு ஏன் விலை இருந்தது என்று அவர் கேட்கவில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இந்தக் கணக்குகளுக்கு நடுவே ஒரு மனு வருகிறது. சமஸ்கிருதக் கல்லூரியின் முன்னாள் மாணவர்கள் சிலர் முந்தைய ஆண்டு குழுவுக்குக் கொடுத்தது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் படித்தோம், தேர்ச்சிச் சான்றிதழ்கள் பெற்றோம், ஆனாலும் எங்கள் சொந்த நாட்டவர்கள் எங்களைக் கண்டுகொள்வதில்லை, அரசு வேலைக்குப் பரிந்துரை செய்யுங்கள், பெரிய பதவி வேண்டாம், பிழைத்துக் கிடக்கும் அளவுக்கு ஏதாவது போதும் என்கிறது மனு. மெக்காலே இதைப் படித்துக் காட்டிவிட்டு, பார்த்தீர்களா, படிக்க வைத்து இவர்களுக்குக் கெடுதல் செய்திருக்கிறோம் என்று முடிக்கிறார். ஒரு வாதத்துக்குள் இன்னொரு வாதம் மாட்டிக்கொண்டிருக்கும் இடம் இது. மனுதாரர்கள் தங்கள் படிப்பு வீண் என்று எங்கும் சொல்லவில்லை. எங்களைப் படிக்க வைத்த அரசுக்கு எங்கள் மேல் பொறுப்பு இருக்கிறது என்பது அவர்கள் வாதம். வேலை கேட்டு எழுதிய எந்த மனுவும் வறுமையை அழுத்தித்தான் சொல்லும், பிழைக்க வழியில்லை என்பதும் நாட்டவர் மதிப்பதில்லை என்பதும் அந்த எழுத்துவகையின் பாகம். பதவி கேட்ட மனு, பள்ளியை மூடுவதற்கான சாட்சியமாக மாறுகிறது. அவர்கள் குரல் இன்று அதிகம் பேரிடம் சேர்ந்திருப்பது அவர்களுக்கு எதிராக வாதாடியவரின் எழுத்து வழியாக என்பது என்னை இப்போதும் உறுத்துகிறது.

ஒருபக்கமாகப் படித்துவிடக் கூடாது என்பதற்காக இன்னொன்றையும் பக்கத்தில் வைக்கிறேன். இதற்குப் பதினோரு ஆண்டுகள் முன்பு, 1823 டிசம்பரில், ராம்மோகன் ராய் கவர்னர் ஜெனரல் ஆம்ஹர்ஸ்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். புதிய சமஸ்கிருதக் கல்லூரி வேண்டாம், கணிதம், இயற்கை அறிவியல், வேதியியல், உடற்கூறு சொல்லித் தாருங்கள் என்று கேட்டார். மேலோட்டமாகப் பார்த்தால் மெக்காலேயும் அவரும் ஒரே கட்சி. வாதங்களைப் பிரித்துப் பார்த்தால் தூரம் தெரியும். ராய்க்குச் சமஸ்கிருதம் நன்றாகத் தெரியும், உபநிடதங்களை மொழிபெயர்த்தவர். அவர் கேட்டது துறைகள், எந்த அறிவு வேண்டும் என்ற கேள்வி. மெக்காலே கேட்டது எந்த மொழி என்ற கேள்வி. முடிவு ஒத்துப்போவதை வைத்து வாதமும் ஒன்றே என்று எடுத்துக்கொள்வது வரலாறு படிப்பதில் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு, அதனால் விளையும் குழப்பம் சிறியது இல்லை.

கடைசியில் "ரத்தத்தால் இந்தியர்" வரி. அது குறிப்பின் முடிவுப் பகுதியில், ஒரு சலுகையாக வருகிறது. நம் கையிலிருக்கும் பணத்தை வைத்து மக்கள் எல்லோருக்கும் கல்வி தர முடியாது என்பதை எதிர்த்தரப்போடு சேர்ந்து ஒப்புக்கொள்கிறேன், ஆகவே இப்போதைக்கு நமக்கும் நாம் ஆளும் கோடிக்கணக்கானவர்களுக்கும் இடையே மொழிபெயர்க்கிற ஒரு வர்க்கத்தை உருவாக்குவோம் என்கிறார். அடுத்த வாக்கியத்தை யாரும் எடுத்துப் போடுவதில்லை. அந்த வர்க்கம் நாட்டு மொழிகளைச் செம்மைப்படுத்தி, மேற்கத்திய அறிவியல் சொற்களால் வளப்படுத்தி, படிப்படியாகப் பெருந்திரளான மக்களுக்கு அறிவைக் கொண்டுபோகும் என்பது அது. ஆரம்பத்தில் ஒரே வாக்கியத்தில் வெளியேற்றிய தாய்மொழிகள் முடிவில் எதிர்காலமாகத் திரும்பி வருகின்றன. வரவேண்டியது கட்டாயம், ஏனென்றால் அவை இல்லாமல் முதல் கேள்விக்கு, அதாவது மக்களின் அறிவு வளர்ச்சிக்கு, அவரிடம் பதிலே கிடையாது. இதை வைத்து அவர் தாய்மொழியின் நண்பர் என்று சொல்ல மாட்டேன். அந்த வேலையை யார் செய்வார்கள், எவ்வளவு பணம், எத்தனை ஆண்டு என்று எதுவும் சொல்லவில்லை, வர்க்கத்தின் நல்லெண்ணத்தில் விட்டுவிட்டார். ஆனால் முதல் வாக்கியத்தை மட்டும் வெட்டி எடுப்பவர்கள் அவருடைய திட்டத்தின் மிகப் பலவீனமான கண்ணியைத் தாங்களே மறைத்துவிடுகிறார்கள். அவரை விமர்சிக்க வேண்டும் என்றால் அந்த இரண்டாவது வாக்கியத்தைப் பிடித்துத்தான் விமர்சிக்க வேண்டும்.

தன் ஆலோசனையை ஏற்காவிட்டால் கல்விக் குழுவின் தலைமையிலிருந்து விலகிக்கொள்வேன் என்ற தொனியில் குறிப்பு முடிகிறது. பென்டிங்க் முழு உடன்பாடு என்று ஒரு வரி எழுதினார். மார்ச் 7 அன்று தீர்மானம் வந்தது, அதே மாதம் அவர் இந்தியாவை விட்டுக் கிளம்பிவிட்டார். ஆனால் மெக்காலே கேட்டது எல்லாம் நடக்கவில்லை. கல்கத்தா மதரஸாவையும் சமஸ்கிருதக் கல்லூரியையும் மூடிவிடச் சொன்னார், இரண்டும் மூடப்படவில்லை. கல்கத்தா முஸ்லிம்கள் எட்டாயிரம் பேர் கையெழுத்திட்டு மனுக் கொடுத்திருந்தார்கள். புதிய மாணவர்களுக்கு உதவித்தொகை கிடையாது, கீழைமொழி நூல்களை அச்சிடப் பணம் கிடையாது என்ற அளவில் தீர்மானம் நின்றது. 1839இல் அப்போதைய கவர்னர் ஜெனரல் ஆக்லண்ட் பிரபு அந்தக் கல்லூரிகளுக்குப் பணத்தைக் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தார். ஒரு வாதம் நன்றாக எழுதப்பட்டிருப்பதாலேயே அப்படியே நடைமுறை ஆகிவிட்டது என்று நினைத்துக்கொள்வதற்கு இந்த ஆவணத்தைவிட நல்ல மறுப்பு எனக்குத் தெரியாது.

மெக்காலேயின் குறிப்பைப் படிக்கப் போகிறவர்களுக்கு என் யோசனை இது. அதே கோப்பில் எதிர்த்தரப்பைச் சேர்ந்த அதிகாரி ஹென்றி தோபி பிரின்செப் 1835 பிப்ரவரி 15 அன்று எழுதிய பதில் குறிப்பு இருக்கிறது. மதரஸா அந்த ஒரு லட்சம் ரூபாயால் நடப்பதே இல்லை, 1813 சட்டத்துக்கு முப்பது ஆண்டுகள் முன்பே வாரன் ஹேஸ்டிங்ஸ் ஏற்படுத்திய தனி அறக்கொடை அது என்று அவர் சுட்டிக்காட்டுகிறார். நோயாளி விடுதி ஒப்புமை எங்கே இடறுகிறது என்பது அந்த ஒரு தகவலில் விளங்கிவிடும். பிரின்செப்பும் ஆட்சியாளர்தான், அவருக்கும் ஒரு வாதம் இருக்கிறது, அவர் விட்டுவைத்தவையும் உண்டு. இரண்டு குறிப்புகளும் 1920இல் ஹென்றி ஷார்ப் தொகுத்த கல்வி ஆவணங்களில் ஒன்றாகவே கிடைக்கின்றன. பிரின்செப்பை முதலில் படித்துவிட்டு மெக்காலேக்குப் போங்கள். அவர் எந்த இடங்களில் நடையை வேகப்படுத்துகிறார் என்பது அப்போது தெளிவாகத் தெரியும்.